மூன்று நாள் சத்தம்

“ஒண்ணே காலுக்கு பஸ். அதுக்குள்ள ஒரு ஸ்பீக்கர் வேணும். மூணு நாள் தாங்கணும்,” என்றார் தையல்காரர்.

கடைக்காரர் கைக்கு அடக்கமான நான்கு ஸ்பீக்கர்களை மேசையில் வரிசையாக வைத்தார். எங்கே பயணம் என்று விசாரித்தார். கடலுக்கு என்று பதில் வந்ததும், நீல நிறத்தில் இருந்ததை எடுத்துத் தண்ணீர் வாளிக்குள் முக்கிக் காட்டினார். உள்ளேயும் அது பாடியது.

தண்ணீர் படாது என்றார் தையல்காரர். பாட்டும் வேண்டாம் என்றார்.

“அப்ப என்னதான் வேணும்?”

“தரையில வச்சா கீழ்வீட்டுக்குக் கேக்கணும்.”

கடைக்காரர் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குனிந்து, அடித்தட்டிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்து வைத்தார்.

அதற்குள் தையல்காரரின் போன் அடித்தது. மனைவி. பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மிதியிலிருந்து காலை எடுக்காமல் பேசினாள்.

“வாங்கியாச்சா, இல்ல எல்லாத்தையும் தடவிப் பாத்துக்கிட்டு நிக்கறீங்களா? கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழிச்சுக் கடலைப் பாக்கப் போறேன். பஸ்ஸை விட்டீங்கன்னா நான் மட்டும் போவேன். போனா வரமாட்டேன்.”

சொன்னால் செய்கிறவள். தையல்காரர் கடைக் கடிகாரத்தைப் பார்த்தார்.

எல்லாம் கீழ்வீட்டு முதலாளியால் வந்த வினை. வீடும் அவருடையது, வேலையும் அவருடையது. சட்டைக் காலர் தைப்பது இவர்கள் வேலை. வெட்டிய துணியைக் கொண்டுவருவதும், தைத்ததை எடுத்துப்போவதும் வேன்காரர் பொறுப்பு. ஆனால் காலர் வந்து சேர்ந்தால் மட்டும் முதலாளிக்குப் போதாது. தைக்கிற சத்தம் நாள் முழுக்கக் காதில் விழ வேண்டும். சத்தம் நின்றால் கம்பை எடுத்துச் சீலிங்கை இடிப்பார்.

இரண்டு மாதம் முன்பு லீவு கேட்டார்கள். மெஷின் நிற்கிற அன்றைக்கே வீட்டையும் காலி பண்ணிவிடலாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. முகத்தைக்கூடக் காட்டவில்லை. கம்பு மட்டும் பேசியது. கால் மணிக்கு ஒரு தரம், தவறாமல். மெஷின் ஓடும்போதுகூட இடித்தது. வேகம் போதவில்லை போலும் என்று புருஷனும் பெண்டாட்டியும் இன்னும் வேகமாக மிதித்தார்கள். முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

இப்போது மூன்று நாள் வேலையை முன்கூட்டியே முடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளியாயிற்று. குறை, சத்தம் ஒன்றுதான்.

தையல்காரர் போனில் பதிவு செய்து வைத்திருந்ததைக் கடைக்காரர் ஒரு மெமரி கார்டில் ஏற்றிக் கறுப்பு ஸ்பீக்கரில் செருகினார். கடைக்குள் தையல் மெஷின் ஓடியது. கொஞ்ச நேரத்தில் நூல் அறுந்தது. மனைவி இருமினாள். மறுபடி ஓடியது. தையல்காரர் கண்ணை மூடிக் கேட்டார். அசல் தோற்றது. மின்விசிறி பார்க்க வந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, பேன்ட்டு உயரம் குறைக்கக் கொடுத்தால் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

“இதைக் கேக்கறதுக்கா கடலுக்குப் போறீங்க?” என்றார் கடைக்காரர்.

“நாங்கதான் போறோம். இது வீட்டுல இருக்கும். நாங்க தைக்கிறதா கீழ்வீட்டுக்காரர் நினைச்சுக்கணும். ஏமாறுவாரா?”

கடைக்காரர் சிரிக்கவில்லை. கறுப்பு ஸ்பீக்கரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

“கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க அண்ணே. ப்ளக்குல சொருகிட்டா மூணு நாள் என்ன, மாசக்கணக்கா ஓடும். ரெண்டு மாசம் முன்னாடி ஒரு பெரியவர் இதையேதான் வாங்கினார். கம்பால சீலிங்கை இடிக்கிற சத்தம், கால் மணிக்கு ஒரு தரம் வர்ற மாதிரி நான்தான் ஏத்திக் கொடுத்தேன். அன்னைக்கே கடலுக்குக் கிளம்பினவர், இன்னும் திரும்பல. நேத்துதான் போன் பண்ணினார். மேல்வீட்டுல ஒரு நாள் விடாம தைக்கிறாங்கன்னு வேன்காரர் சொன்னாராம், அதனால இன்னும் ஒரு மாசம் இருந்துட்டு வர்றாராம். ஆமா, நீங்க போறது எந்தக் கடற்கரை?”