நடுவில் நின்ற புள்ளிகள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள் கண்ணுகளா, மெதுவாகச் சொல்ல வேண்டிய கதை இது. விழுப்புரத்து ஆஸ்பத்திரி அறையில் காலை வெயில் மேசை வரைக்கும் வந்து நிற்கிறது. அம்மா கலைப்பிரியாவின் மடியில் மூன்று வயது சங்கவி துவண்டு சாய்ந்திருக்கிறாள். இன்னும் நிற்கப் பழகாத கால்கள். அவள் தொடையிலிருந்து எடுத்த சதைத்துணுக்கின் படம் டாக்டரம்மாவின் கணினியில் தெரிகிறது. "இந்த வட்டம் ஒவ்வொண்ணும் ஒரு சதை நாரு. உள்ள இருக்கிற புள்ளிதான் உட்கரு. சதை வளர வளர அது ஓரத்துக்கு நகர்ந்து போயிடணும். பாப்பாவுக்கு நடுவுலயே நின்னுடுச்சு. அதான் சதையில பலம் இல்ல," என்கிறார் அவர். "நம்ம கண்டாச்சிபுரம் பஸ்ஸு மாதிரிங்களா?" என்று சிரிக்கப் பார்க்கிறான் அப்பன் பூவரசன். "கண்டக்டர் கத்தினாலும் நடுவுலயே நின்னுக்கினு இருப்பானுங்க." கலைப்பிரியா சிரிக்கவில்லை. கால் ஊன்றட்டும் என்று வேர்க்கடலை விளைகிற மல்லாட்டைக் கொல்லையில் குழி வெட்டி, இடுப்பு வரை மண் தள்ளிப் பிள்ளையை நிற்க வைத்தவள் அவள்தான். அழுதபோதும் தூக்கவில்லை. "நான் குழியில நிக்க வச்சதாலதான் இப்படி ஆச்சுங்களா?" டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போடுகிறார். "இல்லம்மா. உன் வயித்துல இருக்கும்போதே நின்னுபோன புள்ளி. நீ பண்ணதால எதுவும் ஆகல." மண் இன்னும் ஒட்டியிருப்பதாக நினைத்துத் தினமும் தேய்த்துக் கழுவுகிற அந்தப் பிஞ்சுப் பாதத்தை, கலைப்பிரியா இப்போது சும்மா பிடித்திருக்கிறாள். சங்கவி திரையைப் பார்த்து, "அம்மா, பொட்டு," என்கிறாள். "ஆமாண்டி தங்கம், எல்லாம் உன் பொட்டுதான்."

உங்கள் வீட்டில் ஓடுகிற பிள்ளையும் மடியில் கிடக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் வாழட்டும்.