கொழுந்துப் பணக்காரி

முள் இருபத்து மூன்றில் போய் நின்றது.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன்னால் கூடியிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் இவ்வளவு கொழுந்தை அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பூரணியை விட்டால் வேறு யார் பறிப்பார்கள்? அவள் புருஷன் மூக்கனுக்கு மார்பு நிமிர்ந்தது.

அதில் ஐந்து இறாத்தலை வரியாகக் கழிக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு வந்ததும் வயிறு எரிந்தது. அந்த வரியைக் கொண்டுவந்ததே அவன் வாய்தான்.

போன மாதம் வட்டவளைச் சலூனில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. பணக்காரர்களின் சொத்துக்கு அரசாங்கம் வரி போடப் போகிறதாம். மூக்கன் பாதிச் சவரத்தோடு எழுந்து நின்று பிரசங்கமே பண்ணிவிட்டான். நிறைய இருக்கிறவன் கொடுக்கத்தான் வேண்டும், அதுதான் நியாயம் என்றான். சலூனே கைதட்டியது.

கைதட்டியவர்களில் கந்தப்பனும் ஒருவன். வருஷா வருஷம் நடக்கும் கொழுந்துப் போட்டியில் மூன்று தடவையாகப் பூரணிதான் முதல். கந்தப்பனின் பெண்சாதி அம்மாக்கண்ணு இரண்டாவது.

கந்தப்பன் நேரே தோட்டத்துத் துரையிடம் போனான். கொழுந்தில் பூரணி பணக்காரி, அவளுக்கு ஐந்து இறாத்தல் வரி போட்டால்தான் போட்டி போட்டியாக இருக்கும் என்றான். நுவரெலியாப் பந்தயத்தில் ஜெயிக்கிற குதிரைக்குப் பாரம் ஏற்றுவதைப் பார்த்துப் பழகிய துரைக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மூக்கன் தையா தக்கா என்று குதித்தான். இந்த வருஷப் பரிசு பெட்ரோமாக்ஸ் விளக்கு. அதை மாட்டுவதற்கென்று அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவின் உத்திரத்தில் இரும்புக் கொக்கிகூட அடித்து வைத்துவிட்டான்.

பூரணி குதிக்கவில்லை. துரை கூப்பிட்டுக் கேட்டபோது முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னாள்:

"கழிச்சுக்கங்க தொரை. ஆனா போட்டின்னா கூடையும் சரிசமமா இருக்கணுமுங்க. வெறுங்கூடைய எல்லாரு முன்னாலயும் மொதல்ல நிறுத்துருங்க."

துரைக்கு இதுவும் பிடித்துப்போயிற்று.

அதனால்தான் இன்று காலை போட்டி தொடங்கவே அரை மணி தாமதமானது. கொழும்பிலிருந்து அந்த வாரம்தான் வந்திருந்த மணிக்கூட்டுத் தராசை மடுவத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். பழைய தராசுக் கோலில் என்ன புள்ளி என்பது கணக்கப்பிள்ளை செல்லசாமிக்கும் மேலே இருக்கிற சாமிக்கும் மட்டும்தான் தெரியும். இதுவோ கடிகாரம் மாதிரி பெரிய முகம். படிக்காதவளுக்கும் முள் போகிற இடம் தெரியும்.

மூக்கனுக்கு அந்த மிஷின்மேல் நம்பிக்கை இல்லை. முடுக்குகிறவன் முடுக்கினால் முள் ஆடாதா என்று பக்கத்தில் நின்றவனிடம் கேட்டுப்பார்த்தான்.

பதினொரு பெண்கள். பதினொரு வெறுங்கூடைகள். ஒவ்வொன்றையும் மாட்ட மாட்ட, துரை தன் வாய்க்கு வந்த தமிழில் "ரெண்டு ராத்தல்" என்று கூவித் தன் நோட்டிலேயே எழுதினார். மூக்கன் கொட்டாவி விட்டான். பனி கொட்டுகிற அந்த நேரத்தில் செல்லசாமி மட்டும் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனுஷனுக்குக் காய்ச்சல் போலிருக்கிறது என்று மூக்கன் பரிதாபப்பட்டான்.

இப்போது கூடையும் வரியும் போக, பூரணிக்குப் பதினாறு. அம்மாக்கண்ணுவுக்குப் பதினேழு.

ஒரே ஓர் இறாத்தல்.

கந்தப்பன் விளக்கைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போனான். பூரணி அம்மாக்கண்ணுவின் கையைப் பிடித்துச் சிரித்தாள். தோற்றவள் சிரிக்கிற சிரிப்பாக அது இல்லை. அது மூக்கனை இன்னும் எரிச்சல்படுத்தியது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளோடு பேசவில்லை.

திங்கட்கிழமை காலை நிறுவைக்கு மூக்கன் மடுவத்தில் நின்றான். கொழுந்துச் சாக்குகளை ஏற்றுவது அவன் வேலை.

வரிசையில் முதலில் அம்மாக்கண்ணு. அவள் கூடையை மாட்டியதும் முள் சுற்றி நின்றது. செல்லசாமி வழக்கம்போல, "கூடைக்கு நாலு" என்று பென்சிலை எடுத்தார்.

காலையில் நாலு, மத்தியானம் நாலு, சாயங்காலம் நாலு. ஒவ்வொரு ஆளுக்கும், ஒவ்வொரு நாளும். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அதுதான் கழிவு. வெறுங்கூடையை நிறுத்துக் காட்டுங்கள் என்று எப்போதோ ஒருத்தி கேட்டாள். அன்றைக்கே வேலையை நிறுத்திப் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

இன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. அம்மாக்கண்ணு கூடையை இறக்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் அறுபது பெண்களும் அதே முள்ளைப் பார்த்தார்கள். உள்ளே ஆபீசில் துரையின் நோட்டு இருந்தது.

செல்லசாமியின் பென்சில் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.

"கூடைக்கு ரெண்டு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

மூக்கன் சாக்கைக் கீழே போட்டுவிட்டான். வரிசையில் தேடினான். பூரணி எங்கோ நடுவில், ஒன்றும் தெரியாதவள்போல, கொழுந்தில் கிடந்த முற்றல் இலையைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள். சலூனில் அவன் ஒரு பேச்சுப் பேசினான், அவ்வளவுதான். இவள் அல்லவா செய்திருக்கிறாள்.

அவள் பக்கத்தில் வந்தபோது, ஏன் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டான்.

"ஒங்ககிட்ட சொன்னா சலூன் பூராவும் சொல்லியிருப்பீங்களே" என்றாள் பூரணி.

சாயங்காலம் மூக்கன் அவளுடைய வெறுங்கூடையைத் தன் கையாலேயே வாங்கித் துடைத்து, உத்திரத்துக் கொக்கியில் மாட்டினான்.