உடைக்கிற அக்கா

என் வாயில் மிச்சமிருக்கிற ஏழு பல் மேல் சத்தியம். இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது.

அப்போது நான் கண்ணாடிப் பட்டறையில் இருந்தேன். சோதனைக்கூடங்களுக்குக் குழாய், குடுவை செய்கிற இடம். ஊதுகிற வேலை, செய்ததை அடுப்பில் வைத்து மெல்ல ஆற வைக்கிற வேலை, இரண்டும் என்னுடையது.

ஒரு நாள் புது ஆர்டர் வந்தது. செக்ஸ் டாய். ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். கண்ணாடியில்!

பெட்டி மேல் 'அலங்காரப் பொருள்' என்று ஒட்டினோம். முதலாளி அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார். அவ்வளவு வெட்கம்.

செக்கிங்கில் ஓர் அக்கா. ஒவ்வொன்றையும் கூலிங் கிளாஸ் மாதிரி இரண்டு கறுப்புத் தகடுகளுக்கு நடுவே பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார். கண்ணாடிக்குள் இறுக்கம் இருந்தால் வானவில் மாதிரி நிறம் ஓடும். ஓடினால் டமார்! தொட்டியில் போட்டு உடைத்துவிடுவார். பட்டறையில் அவருக்குப் பெயரே 'உடைக்கிற அக்கா'.

நூற்றுக்கு முப்பது உடைந்தது. முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"செய்யறது நீ. உடைக்கிறது அவங்க. யார் மேலய்யா தப்பு?"

என் பிழைப்பு ஆட்டம் கண்டது. புளுகு மூட்டையை அவிழ்த்துவிட்டேன்.

"முதலாளி, என் சரக்கு மேல லாரியே ஏறிச்சு. டயர்தான் பஞ்சர். மாடியிலேருந்து போட்டேன். தரைதான் விரிசல் விட்டுச்சு!"

"அப்புறம் ஏன் உடைக்கிறாங்க?"

"அக்காவுக்குக் கூச்சம். அதையெல்லாம் பார்க்கவே பிடிக்கல. அதான்..."

"கூச்சமா? எனக்கா?" அக்கா ஒன்றை எடுத்து முதலாளி மேஜையில் நட்டமாக வைத்தார். "டம்ளர் உடைஞ்சா கை கிழியும். இது உடைஞ்சா எங்க கிழியும்னு நான் வாயால வேற சொல்லணுமா சார்? உள்ளே சரியா ஆறல. நீங்களே தகடு வெச்சுப் பாருங்க."

முதலாளி பதறிப்போய் அதன் மேல் செய்தித்தாளைப் போட்டு மூடினார்.

"ஏன் ஆறல?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"தெரியல சார்" என்றார் அக்கா.

"காரணம் தெரியாம உடைக்கிறவங்களுக்கு இங்க வேலை இல்லம்மா."

சாயங்காலம் கேட் வாசலில், டிபன் பாக்ஸும் கையுமாக அக்கா எனக்காக நின்றுகொண்டிருந்தார்.

"உனக்கு மூணு பிள்ளைங்க படிக்குதுன்னுதான் வாயைத் திறக்கல. எட்டு மணி நேரம் ஆற வேண்டிய அடுப்பு தம்பி. சீட்டாடப் போற அவசரத்துல நாலு மணி நேரத்துல திறந்துடுற. இனிமே அப்படிப் பண்ணாத. உடைக்க நான் இருக்க மாட்டேன்."

மறுநாள் எட்டு மணி நேரம் விட்டேன். அக்கா இடத்துக்கு வந்த குடுவைப் பிரிவு அண்ணன் அதே தகடுகளை வைத்துப் பார்த்தார். நூற்றில் ஒன்றில்கூட நிறம் ஓடவில்லை.

முதலாளி என் தோளைத் தட்டினார். "நீ சொன்னது சரிதான்யா. அந்தம்மா போனதும் ஒண்ணுகூட உடையல பாரு!"

"ஆமாம் முதலாளி" என்றேன்.

ஆயுசு முழுக்க எத்தனையோ புளுகியிருக்கிறேன். கேட்டவர் அப்படியே நம்பியது அது ஒன்றைத்தான்.

இதைச் சொன்னது நான்தான் என்று யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். அக்கா காதுக்குப் போனால், "போகட்டும் விடு தம்பி" என்று சொல்லிவிடுவார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.