உதறும் ஸ்டியரிங்

சொர்ணவல்லி ஓட்டிய லாரி அவளைவிட மூத்தது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டாலே ஸ்டியரிங் உதறியது. டயர் மாற்றியும் உதறல் நிற்கவில்லை.

"காயலான் கடைக்குப் போட்டுடலாம் சொர்ணம். ஒரு நாள் கவுத்துடும்" என்றார் கணவர் குப்புராஜ்.

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினாள். சக்கரம் கடகடவென ஆடியது.

"ஏங்க, ஏறி பிரேக்கை அழுத்திப் பிடிங்க."

அவர் மிதித்தார். அவள் மறுபடியும் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தாள். பேரிங்கில் கோளாறு என்றால் இப்போது ஆட்டம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

"கிங்பின்தாங்க தேஞ்சிருக்கு! கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கிரீஸ் கையோடு சக்கரத்தைக் கட்டிக்கொண்டாள்.

முன்சக்கரம் திரும்பத் தாங்கும் இரும்பு முளையான அந்தப் பின்னை லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்து வாங்கி, இருவருமாகப் பொருத்தினார்கள். நெடுஞ்சாலையில் ஐம்பதைத் தாண்டியும் ஸ்டியரிங் அவள் கைக்குள் அமைதியாக இருந்தது.

டீக்கடை அருகே வண்டி மெதுவானபோது ஒருவர் கேட்டார்: "அண்ணே, இந்த வண்டியா இப்படிப் போகுது! மெக்கானிக் யாரு?"

குப்புராஜ் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார்: "ஓட்டிட்டு வர்றாங்க பாருங்க, அவங்கதான்!"

சொர்ணவல்லி காதில் விழாதவள்போல் சாலையையே பார்த்தாள். அவள் கை மட்டும், எதிரே யாருமே இல்லாதபோதும், ஹாரனை நீளமாக அழுத்தியது.