நெருப்பு ஆகாது

வேப்பம்பட்டிலிருந்து வந்த மெக்கானிக் துலுக்கானம், முத்தாபுதுப்பேட்டை வீட்டு வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளைத் தட்டிப் பார்த்தான்.

"டாங்க் ஒழுகுது, ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வான்னு போன வாரம் கங்காதரன் சொன்னான். எங்கேம்மா அவன்?"

கங்காதரனின் அம்மா எல்லம்மா வண்டிச் சாவியை நீட்டினாள்.

"அவன் சொன்ன வேலைய முடிச்சிடு நைனா."

"ஓட்டைய அடைக்கணும்னா மொதல்ல பெட்ரோல் மொத்தமும் எறக்கணும். பக்கத்துல நெருப்பே ஆவாது. அடுப்ப அணைச்சிடு."

"அடுப்பு பத்தவெக்கல."

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, டாங்குக்குக் கீழே தகர டின்னை வைத்தான். தற்செயலாக வீட்டுக்குள் பார்த்தவன் கையை நிறுத்தினான்.

"பட்டப்பகல்ல கூடத்துல வெளக்கு எரியுதே. அதையும் அணைச்சிடும்மா."

எல்லம்மா வந்து வண்டியைத் தெருப்பக்கம் தள்ளப் பார்த்தாள். அது நகரவில்லை.

"இன்னாம்மா இது? ஒரு வெளக்க அணைக்கறத உட்டுட்டு வண்டியத் தள்ளிகினு கீறே. கங்காதரன் கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

அவள் ஹேண்டில்பாரை விடாமல் சொன்னாள்.

"பதினாறாம் நாள் காரியம் முடியறவரைக்கும் அது அணையக் கூடாது நைனா. கங்காதரனுக்கு ஏத்துனது."