நெற்றிக்காசு

நாட்டில் காசு ஒழிந்துபோன பிறகு ஒரு ரூபாய் நாணயம் பழம்பொருள் ஆகிவிட்டது. பெட்டிக்கடியில் கிடந்த ஒன்றிரண்டு போக, அது மிச்சமிருந்த ஒரே இடம் இடுகாடு. செத்தவர் நெற்றியில் காசு ஒட்டாமல் யாரும் புதைப்பதில்லை.

இசக்கிபாண்டி செத்தபோதும் அப்படித்தான். அவன் மனைவி மாரிக்கனி கல்யாணப் பெட்டிக்குள் துழாவி ஒரு ரூபாய் எடுத்து, சந்தனம் குழைத்து ஒட்டி அனுப்பினாள். வருசத் திதிக்கு விளக்கேற்றப் போனால் அவன் குழி தோண்டிக் கிடந்தது. ஒருவன் உலோகம் தேடும் கோலை அடுத்த குழிமேட்டில் ஆட்டிக்கொண்டிருந்தான்.

"ஏல, என்னல செய்யுத?"

"லைசென்ஸ் இருக்குக்கா. காசை மட்டுந்தான் எடுப்போம். எலும்பைத் தொடமாட்டோம்" என்றான், நிமிராமலே.

மாரிக்கனிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போலீஸ் ஸ்டேஷனிலும் லைசென்ஸ் சரிதான் என்று திருப்பி அனுப்பினார்கள்.

அவள் பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிறவள். அந்த ரூபாயும் எவர்சில்வர்தான் என்பது அவளுக்குத் தெரியும். தன் கல்யாணச் சீரில் வந்த தட்டுகளையெல்லாம் ரூபாய் அளவுக்கு வட்டமாக நறுக்கினாள். ஒவ்வொன்றிலும் பேர் வெட்டும் மிஷினால் ஒரே வாசகத்தை ஆத்திரம் தீர வெட்டினாள். பிறகு இடுகாடு முழுக்க விதை ஊன்றுவதுபோல் ஊன்றினாள்.

மறுபடி அவன் வந்தபோது கோல் போன இடமெல்லாம் கத்தியது. வேர்த்து விறுவிறுத்துத் தோண்டி, ஒன்றை எடுத்துத் துடைத்து, வெயிலில் பிடித்து வாசித்தான். மாரிக்கனி வேலியோரம் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'உங்கப்பன் நெத்தியிலயும் ஒண்ணு இருக்கும். அங்க போய்த் தோண்டுல.'