பிள்ளையாருக்குக் கீழே ஒரு சஞ்சிகை

ஜெர்மனியின் எசன் நகரில், ஒரு கத்தோலிக்கப் பங்குக்கோயிலின் நிலவறையில் ஈழத்து அகதிகளின் வெள்ளிக்கிழமைப் பூசை நடக்கிறது. மேசை இல்லாததால், மூலையில் கிடந்த பழைய கத்தோலிக்க இறையியல் சஞ்சிகைகளை அடுக்கி, மேலே பிள்ளையார் படத்தை வைத்திருக்கிறாள் பாலாம்பிகை. சுவரோரம் வெந்நீர்க் குழாய் முணுமுணுக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து மேற்படிப்புக்கு வந்திருக்கும் அருள்நேசன் பாதிரியார் வாசலில் வந்து நிற்கிறார். அறையைக் காலிசெய்யச் சொல்லப்போகிறாரோ என்று அவள் எழுந்து நிற்கிறாள். "அக்கா, அடியிலை கிடக்கிற சஞ்சிகை ஒண்டு வேணும். திருச்சபைக்கு வெளியிலை இருக்கிறவைக்கும் மீட்பு உண்டோ எண்டு அதிலை பெரிய வாதம் நடக்குது." "எடுங்கோ ஃபாதர், நான் படத்தைத் தூக்கிறன்." அவர் அடுக்கைப் பார்க்கிறார், படத்தைப் பார்க்கிறார். "வேண்டாம் அக்கா, பூசை முடியட்டும்" என்று சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாயின் ஓரத்தில் உட்காருகிறார். கற்பூரத் தட்டத்தோடு ஒவ்வொருவராய்க் கடந்து வருபவள் அவர் முன்னால் தயங்குகிறாள். அவர் இரண்டு கையையும் நீட்டுகிறார்.